'லாஃப்' என்றால் சிரிப்புத்தானே, பிறகு 'லாஃப்ட் அட் மீ' ஏன் முறைப்பாடு ஆனது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே இடத்தில் தடுக்கிய வேறு ஆட்களுக்கும் அது உதவும். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் மாத அனுபவத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் நாள் பயந்துகொண்டு உள்ளே போனபோது மனேஜர் உங்களைப் பார்த்துச் சிரித்தார், அதோடு பாதிப் பயம் போய்விட்டது என்று நன்றியோடு எழுத நினைத்து, 'த மனேஜர் லாஃப்ட் அட் மீ' என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து எச்.ஆர். பிரிவில் கூப்பிட்டு, அவர் உங்களை அவமானப்படுத்தினாரா என்று கதவைச் சாத்திவைத்து விசாரித்திருக்கிறார்கள். லாஃப் என்றால் சிரிப்புத்தானே, நான் என்ன பிழையாக எழுதினேன், இப்போது அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பது? இதுதான் கேள்வி.

அகராதியை எடுத்துப் பார்த்தால் லாஃப் என்ற சொல்லுக்கு நேரே 'சிரி' என்றுதான் போட்டிருக்கும். அது சரிதான். ஆனால் நம்முடைய 'சிரி' மிகப் பெரிய சொல். பிறந்து ஒன்றரை மாதக் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைக் கோணுவதும் சிரிப்பு, கல்யாண வீட்டில் மாமாமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவதும் சிரிப்பு. ஆங்கிலம் இதை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. முகம் மட்டும் மலர்ந்து சத்தம் வராவிட்டால் ஸ்மைல். சத்தம் வந்தால் லாஃப். நமக்கும் புன்னகை, முறுவல் என்று சொற்கள் உண்டு, ஆனால் வீட்டில் யாராவது 'அவ என்னைக் கண்டு முறுவலித்தவ' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதெல்லாம் கதை, கவிதை எழுதும்போது வருகிற சொற்கள். வாயில் வருவது எப்போதும் சிரிப்புத்தான். நம் ஆட்களிடம் 'அவவைக் கண்டா சிரிக்கிறது, கதைச்சதில்லை' என்று ஒரு பேச்சு இருக்கிறதே, பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவரோடு பத்து வருடமாக லிஃப்ட்டுக்குள் இருக்கிற உறவு, அந்த வசனத்தில் உள்ள சிரிப்பு முழுக்க முழுக்க ஸ்மைல். அதை லாஃப் என்று மொழிபெயர்த்தால், லிஃப்ட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்து ஹா ஹா என்று சத்தம் போடுகிறீர்கள் என்று ஆகிவிடும்.

சிங்களத்திலும் 'ஹினா வெனவா' என்பது இரண்டுக்கும் பொதுவாகத்தான் புழங்குகிறது. நான் 20 வருடத்துக்கு மேலாக வெள்ளவத்தையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன், என்னிடம் வருகிற சிங்களப் பிள்ளைகளும் இதே பிழையை இதே மாதிரித்தான் விடுகிறார்கள். ஆகவே இது உங்கள் கெட்டித்தனத்தோடு சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. தாய்மொழி ஒரே சொல்லுக்குள் வைத்திருப்பதை இன்னொரு மொழி பிரித்து வைத்தால், அந்தப் பிரிவு நம் காதுக்குத் தானாகத் தெரியாது. யாராவது காட்டித்தான் தரவேண்டும்.

எனக்கு இதை ஒரு சின்னப் பையன் காட்டித் தந்தான். காலி வீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம், அம்மம்மாவோடு சேர்ந்து படம் எடுக்க வந்திருந்தார்கள். நாலைந்து வயதுப் பையன், தமிழ் விளங்கவில்லை. படம் எடுக்கிற அண்ணன் அன்பாக, 'பேபி, லாஃப், லாஃப்' என்றார். பையன் ஒருக்கால் தாயைப் பார்த்தான், பிறகு கமராவைப் பார்த்து வாயை அகலத் திறந்து, கதை வாசிக்கிற மாதிரி 'ஹா, ஹா, ஹா' என்று மூன்று தரம் சத்தமாகச் சொன்னான். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய் குனிந்து, 'ஸ்மைல், கண்ணா' என்றார். உடனே பல்லும் தெரியாமல் அழகாக ஒரு சிரிப்பு, படமும் எடுத்தாயிற்று. சொன்னதைச் சொன்னபடி செய்தான் பிள்ளை. அவனுக்கு லாஃப் என்பது வாயில் இருந்து சத்தம் வருவது.

அன்றிலிருந்து வகுப்பில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: கண்ணை மூடிக்கொண்டால் அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரிய வருமா? வரும் என்றால் லாஃப். வராது என்றால் ஸ்மைல். உங்கள் மனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமில்லாமல் சிரித்திருந்தால் அது ஸ்மைல்.

இனி அந்த 'அட்'. விசாரணை வரைக்கும் போனதற்கு அதுதான் காரணம். 'என்னைப் பார்த்துச் சிரித்தார்' என்ற தமிழ் வசனத்தைக் கொஞ்சம் பாருங்கள். இதற்கு இரண்டு பொருள் உண்டு, நாம் அதைத் தொனியில் பிரிக்கிறோம். 'சிங்கப்பூர் மாமா என்னைப் பார்த்துச் சிரிச்சவர்' என்றால் அன்பு. பஸ்ஸில் ஒருவன் திரும்பி 'என்னைப் பார்த்துச் சிரிக்கிறியா?' என்று கேட்டால் அடுத்த ஹோல்டில் இறங்கிவிடுவது நல்லது. சொற்கள் ஒன்றுதான், பொருள் நேரெதிர். ஆங்கிலத்தில் எழுத்திலேயே பிரிவு விழுந்துவிடுகிறது. ஸ்மைல் அட் என்று எழுதி ஒரு ஆளைப் போட்டால் அவரை நோக்கிப் புன்னகைத்தார், அவ்வளவுதான், அதில் குற்றமே இல்லை. லாஃப் அட் என்று எழுதி ஒரு ஆளைப் போட்டால் அநேகமாக அது நையாண்டி. அந்த ஆள்தான் சிரிப்புக்குப் பொருள், அவருடைய நடையோ உடுப்போ பேச்சோ பகிடியாகத் தெரிந்தது என்று அர்த்தம். 'அட்' என்ற சொல்லே கெட்டது என்று மனப்பாடம் பண்ணிவிடாதீர்கள், நிறையப் பேர் அப்படி மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஸ்மைல்ட் டு மீ என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அட் வெறுமனே குறியைக் காட்டுகிறது. சத்தமான சிரிப்புக்கு ஒரு மனிதர் குறியானால் அது அவருக்கு நோகும், அதுதான் விசயம். அதே இடத்தில் ஒரு பகிடியையோ கதையையோ வைத்தால் நோவு போய்விடும்: 'எவ்ரிவன் லாஃப்ட் அட் மை ஜோக்' என்றால் உங்கள் பகிடி எடுபட்டது, சந்தோசப்படலாம்.

ஆட்களோடு சேர்ந்து சிரித்ததைச் சொல்ல 'லாஃப் வித்'. பழைய சம்பவம் ஒன்றை நினைத்துச் சிரிக்க 'லாஃப் அபவுட்'. கரண்ட் போன நேரம் லிஃப்ட்டுக்குள் ஒரு மணித்தியாலம் மாட்டிக்கொண்டதை அன்றைக்கு அழாக்குறையாகச் சொன்னவர்கள், மூன்று வருடம் கழித்துச் சொல்லும்போது 'வி லாஃப் அபவுட் இட் நவ்' என்பார்கள். வித் என்ற சொல்லுக்கு இருக்கிற பலம் சும்மா இல்லை. அமெரிக்காவில் சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன் என்ற உளவியலாளர், தனியே இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு ஆட்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கண்டார். அநேகமான சிரிப்பு பகிடிக்குப் பிறகு வருவதில்லை, 'சரி, பிறகு சந்திப்பம்' போன்ற சாதாரணக் கதைக்குப் பிறகுதான் வருகிறது என்பதும் அவர் பதிவு செய்தது. சிரிப்பு முதலில் ஒரு உறவு. அந்த உறவுக்குள் நீங்கள் இருக்கிறீர்களா, வெளியே நிற்கிறீர்களா என்பதைத்தான் வித், அட் என்ற இந்த இரண்டு சின்னச் சொற்களும் சொல்கின்றன.

நம் பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, உடம்பில் வெளியே தெரிகிற உணர்ச்சிகளை, எட்டாக எண்ணும்போது முதலாவதாக வைப்பது நகை, அதாவது சிரிப்பு. அந்த நகை எதிலிருந்து பிறக்கும் என்று நாலு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்தான் முதலில் வருகிறது. ஒருவரை இகழ்ந்து சிரிப்பது, அதாவது லாஃப் அட். நகு என்ற அந்தப் பழைய சொல்லும் நம் சிரி மாதிரியே இரண்டு பக்கமும் நிற்கும் சொல். 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற 621ஆவது குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் இதில் முட்டுப்பட்டிருக்கிறார்கள். 1886இல் வெளிவந்த போப் ஐயரின் மொழிபெயர்ப்பில் அது ஸ்மைல். இன்னொரு உரைநடை மொழிபெயர்ப்பில் லாஃப். ஒரே குறள், ஒருவர் துன்பம் வந்தால் அமைதியாகப் புன்னகைக்கச் சொல்கிறார், மற்றவர் சத்தமாகச் சிரிக்கச் சொல்கிறார். எனக்கு ஸ்மைல் பக்கம்தான் மனம் சாய்கிறது, துன்பம் வந்த நேரம் ஹா ஹா என்று சிரிக்கிற ஆளைக் கண்டால் எனக்குப் பயம் வரும். ஆனால் வள்ளுவரின் சொல்லுக்குள் இரண்டுக்கும் இடமிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

துன்பத்தைச் சிரிப்பால் தள்ளிவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'லாஃப் ஆஃப்' என்று தனியாக ஒரு சொற்சேர்க்கை உண்டு. இதற்கு நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: சிரித்து மழுப்புவது. யாரோ எல்லாருக்கும் முன்னால் உங்கள் ஆங்கிலத்தைப் பிழை பிடித்தார், உங்களுக்குச் சுட்டது, ஆனாலும் சிரித்து மழுப்பிவிட்டீர்கள், 'ஐ லாஃப்ட் இட் ஆஃப்'. மழுப்பல் என்றால் எதையோ ஒளிக்கிற மாதிரி ஒரு நிறம் வரும், ஆங்கிலச் சொல்லில் அது கொஞ்சம் குறைவு, மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

இன்னும் சில சேர்க்கைகள் அலுவலகத்தில் காதில் விழும், பயப்பட வேண்டாம். 'இட்ஸ் நோ லாஃபிங் மேட்டர்' என்றால் இது பகிடி விடுகிற விசயம் இல்லை. லாஃபிங் ஸ்டாக் என்றால் ஊர் சிரிக்கிற நிலைக்கு வந்துவிட்ட ஆள், சந்தி சிரிக்குது என்கிறோமே, அது. 'டோன்ட் மேக் மீ லாஃப்' என்று ஒருவர் முகத்தைச் சுழித்துக்கொண்டு சொன்னால் அவருக்குச் சிரிப்பு வருகிறது என்று நினைக்காதீர்கள், நாம் பேய்க்கதை கதைக்காதை என்று சொல்வதைத்தான் அவர் சொல்கிறார். 'ஜஸ்ட் ஃபோர் எ லாஃப்' என்றால் சும்மா பகிடிக்கு. இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டால் எனக்கு மனம் கசக்கும், ஏனென்றால் நம் கம்பஸ்களில் அந்தச் சும்மா பகிடி எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ராகிங் என்பதற்கு இலங்கைத் தமிழில் பகிடிவதை என்று பெயர் வைத்தவர் யாரோ, எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார் பாருங்கள், பகிடியும் வதையும் ஒரே சொல்லில். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. லாஃப் அட் என்று எழுதினால் எச்.ஆர். பிரிவு ஏன் கதவைச் சாத்துகிறது என்பதை இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். அவர்கள் உங்களுக்காகத்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள், தங்கச்சி.

இலக்கணத்தைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தகாலம் லாஃப்ட், ஒரே மூச்சில், லாஃபெட் என்று இழுக்க வேண்டாம். பெயர்ச்சொல் இரண்டு இருக்கிறது. லாஃப்டர் என்பது தண்ணீர் மாதிரி, எண்ண முடியாது, ஆகவே லாஃப்டர்ஸ் என்று ஒன்று இல்லை. ஒரு தரம் சிரித்த சிரிப்பை எண்ண வேண்டுமென்றால் எ லாஃப்: 'வி ஹேட் எ குட் லாஃப்'. திடீரென்று வெடித்துச் சிரித்தால் பர்ஸ்ட் அவுட் லாஃபிங், அல்லது பர்ஸ்ட் இன்டு லாஃப்டர், இந்த இரண்டையும் கலந்து பர்ஸ்ட் இன்டு லாஃபிங் என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்துகிற பிழை. சிரிக்க வைத்தார் என்பதற்கு 'ஹி மேட் மீ லாஃப்', நடுவில் டு வராது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை, இது எனக்கு மிகவும் பிடித்த இடம். எல், ஏ, யூ, ஜி, எச். எஃப் என்ற எழுத்தே இல்லாமல் ஃப் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஃப் இருக்கவில்லை. தொண்டையின் அடியில் உரசிக்கொண்டு வருகிற ஒரு சத்தம் இருந்தது, 'அஃது' என்று சொல்லும்போது நடுவில் வருகிறதே, அதற்குக் கிட்டத்தட்ட. ஜெர்மன் மொழியில் சிரிப்பதற்கான சொல்லில் அந்தத் தொண்டைச் சத்தம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் காலப்போக்கில் அது சில சொற்களில் ஃப் ஆனது, லாஃப், காஃப், ரஃப், இனஃப் என்று. சிலவற்றில் முற்றாகச் செத்துப்போனது, டோட்டர் என்ற மகளைக் குறிக்கும் சொல் அப்படி. எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. அதனால்தான் லாஃப்டருக்கு முன்னால் ஒரு எஸ் போட்டால் ஸ்லோட்டர் ஆகி, சிரிப்பு படுகொலை ஆகிவிடுகிறது, சத்தமும் மாறிவிடுகிறது. நாம் இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஆய்த எழுத்தைப் போட்டு எழுதுகிறோம் பாருங்கள், ஆயிரம் வருடத்துக்கு முந்திய உச்சரிப்புக்கு நம்மை அறியாமலே பக்கத்தில் போய் நிற்கிறோம். உச்சரிப்பில் நமக்கு ஆங்கிலேயர் மாதிரி நீட்டி லாஃப் என்பதே பழக்கம், அமெரிக்கர் லேஃப் என்பதற்குக் கிட்ட வருவார்கள், இரண்டும் சரி. இன்னொன்று, நம் சமையலறையில் இருக்கிற மஞ்சள் காஸ் சிலிண்டரில் எழுதியிருப்பது இந்தச் சொல் இல்லை. அதில் ஜிக்குப் பிறகு எஃப், எஸ், அது கொம்பனியின் பெயர். லாஃபிங் காஸ் என்பது வேறு, பல் வைத்தியத்தில் நோவு குறைக்கக் கொடுக்கிற நைட்ரஸ் ஒக்சைட், ஹம்ப்ரி டேவி 1799இல் தானே முகர்ந்து பார்த்துச் சிரித்த வாயு.

லாஃப் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அதன் உறவுக்காரர்கள் லேசு. களுக்கென்று சின்னப்பிள்ளைகள் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே இருப்பது கிகிள். ஃபோனைப் பார்த்துத் தனக்குள் மெதுவாகச் சிரிப்பது சக்கிள். கெக்கட்டம் விட்டுச் சிரிப்பது கஃபோ. சார்ட்டில் என்று ஒன்று உண்டு, அது லூயிஸ் கரோல் 1871இல் ஒரு கவிதைக்காக உண்டாக்கிய சொல், சக்கிளையும் மூக்கால் விடுகிற சத்தத்தையும் சேர்த்தது. நமட்டுச் சிரிப்பு ஸ்னிகர். நாங்கள் கொடுப்புக்குள் சிரிக்கிறது என்கிறோமே, கன்னத்துக்குள் சிரிப்பை அடக்கி வைத்துக்கொண்டு, எதையோ தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறது, அதற்கு முழுதாகப் பொருந்துகிற ஒரு ஆங்கிலச் சொல்லை நான் இன்னும் காணவில்லை. ஸ்மர்க் என்றால் திமிர் கூடிவிடுகிறது. எங்கள் அம்மம்மாவின் கொடுப்புக்குள் சிரிப்பில் திமிர் இருந்ததே இல்லை.

ஃபோனில் எழுதும் எல்.ஓ.எல். லாஃபிங் அவுட் லவுட், வாய்விட்டுச் சிரிப்பது. 2011இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிக்குள்ளேயே வந்துவிட்டது. இதை அன்பு நிறைய என்று விளங்கிக்கொண்டு மரண அறிவித்தலுக்குக் கீழே போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தை அழுகிற முகம் என்று நினைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அதேபோல, ஃபேஸ்புக்கில் 2016இல் வந்த ஹா ஹா பொத்தான். ஒருவர் மனம் நொந்து எழுதியதற்குக் கீழே அதை அழுத்தினால் அது சுத்தமான லாஃப் அட். எழுதியவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இனி எச்.ஆர். பிரிவுக்கு என்ன எழுதுவது. நீண்ட விளக்கம் வேண்டாம். பழைய வசனத்தில் நான் பிழையான சொல்லைப் பாவித்துவிட்டேன், மனேஜர் என்னை அன்போடு வரவேற்றார் என்பதுதான் நான் சொல்ல வந்தது என்று ஒரு வரி. பிறகு சரியான வசனம்: 'த மனேஜர் ஸ்மைல்ட் அட் மீ வென் ஐ வாக்ட் இன், அண்ட் ஐ ஃபெல்ட் வெல்கம்.' இதன் ஒரு பிரதியை மனேஜருக்கும் அனுப்புங்கள். இரண்டு நாளாக அவரும் தான் என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.